கடை இருக்கிறது, கண்ணில் படுகிறதா? கூகுள் தேடலில் சிறு வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

நம் மஹல்லாவில் ஒரு தையற்கடை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சகோதரர் அங்கே மிஷின் ஓட்டுகிறார். ஜிப்பா, சுடிதார், பள்ளிச் சீருடை, புர்கா என்று எதைக் கொடுத்தாலும் அளவு பிசகாது. கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் சொன்னதும், இரண்டு தெரு தள்ளி வேறு இடம் பார்த்து மாறிக்கொண்டார். பழைய வாடிக்கையாளர்கள் விசாரித்து வந்து சேர்ந்துவிட்டார்கள். புதியவர்கள்தான் வரவில்லை. ரமளான் பிறந்து பத்து நாளாகியும் பெருநாள் துணி வழக்கத்தில் பாதிதான் சேர்ந்திருந்தது. "எல்லாரும் ரெடிமேடுக்குப் போயிட்டாங்க ஹஜ்ரத்" என்று நம்மிடம் வருத்தப்பட்டார்.

நாமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். ஒருநாள் இரவு தராவீஹ் முடிந்து பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய மகனின் செல்போனில் கடையைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கூகுள் மேப்பில் கடை இருந்தது, ஆனால் பழைய இடத்தில். யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சேர்த்துவிட்ட பதிவு அது. அதிலிருந்த தொலைபேசி எண் அவர் கைவிட்டுப் பல வருடங்களாகிய எண். கடைசியாக ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து, கடையே இல்லை, அலைந்ததுதான் மிச்சம் என்று எழுதியிருந்தார்.

இரண்டு தெரு தள்ளி மனிதர் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறார். தேடி வந்தவர்கள் இடிந்த சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இப்படி ஒரு நிலை நம் குடும்பங்கள் நடத்தும் எத்தனையோ கடைகளுக்கு இருக்கலாம். அதைச் சரிசெய்யும் வழிமுறைகளை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூகுள் பதிவு என்பது என்ன?

"பக்கத்தில் டெய்லர்", "ஹலால் ஓட்டல்", "பிரியாணி" என்று ஒருவர் செல்போனில் தேடும்போது, வரைபடத்தோடு சில கடைகளின் பெயர், நேரம், தொலைபேசி எண், ஸ்டார் எல்லாம் வருகின்றன. இந்தத் தகவல்களைக் கடைக்காரரே நிர்வகிப்பதற்குக் கூகுள் தரும் வசதிக்குப் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2014ல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் தொடங்கி, 2021 நவம்பரில் இப்போதைய பெயரைப் பெற்றது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தனியாக ஒரு ஆப் தேவையில்லை. ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால், கூகுள் தேடலிலோ மேப்பிலோ அதைக் கொண்டு நுழைந்து எல்லாவற்றையும் திருத்தலாம்.

யாருடைய கடை முதலில் வருகிறது?

வரிசையை நிர்ணயிப்பவை மூன்று விஷயங்கள் என்று கூகுளே சொல்கிறது. முதலாவது பொருத்தம்: தேடியதும் உங்கள் பதிவில் உள்ள விவரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. இரண்டாவது தூரம்: தேடுபவர் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் உள்ள இடைவெளி. மூன்றாவது பிரபலம்: கடை எவ்வளவு அறியப்பட்டது, எத்தனை மதிப்புரைகள், என்ன ஸ்டார், மற்ற தளங்களில் பேசப்படுகிறதா என்பது.

இதில் தூரம் நம் கையில் இல்லை. பிரபலம் காலப்போக்கில் வரும். பொருத்தம் ஒன்றுதான் இன்றே முழுமையாக நம் கையில் இருப்பது. விளம்பரம் என்று குறிக்கப்பட்ட இடங்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். ஆனால் விளம்பரமல்லாத சாதாரண வரிசையில் மேலே வருவதற்குக் கூகுளுக்குப் பணம் கட்டும் வழியே கிடையாது. "முதலிடம் உறுதி" என்று யாராவது பேரம் பேசினால் அவரிடம் விற்க எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக்குள் உட்கார்ந்து நம் போனில் தேடினால் நம் கடை முதலில் வருவது இயல்பு, ஏனெனில் தூரம் பூஜ்யம். அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பேருந்து நிலையத்தருகே இருக்கும் நண்பரையோ, ஊரின் மறுகோடியில் இருக்கும் உறவினரையோ தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே சரியான சோதனை.

முதல் வேலை: பதிவை உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள்

கடைப் பெயரையும் ஊரையும் கூகுளில் தேடிப் பாருங்கள். பதிவு ஏற்கெனவே இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள். ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் வாடிக்கையாளரும் குழம்புவார், மதிப்புரைகளும் பிரிந்து கிடக்கும். இருக்கும் பதிவிலேயே "இந்த வணிகத்தின் உரிமையாளர் நான்" என்று கோரும் வசதி உண்டு. பதிவே இல்லையென்றால் மட்டும் புதிதாகச் சேருங்கள்.

அடுத்து, கடை உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வீடியோ எனப் பல வழிகள் உண்டு. எந்த வழி உங்களுக்கு என்பதைக் கூகுள்தான் தீர்மானிக்கும். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். நம் சகோதரருக்கும் அதுதான் வந்தது. குறைந்தது 30 விநாடிகள், இடையில் வெட்டாமல், ஒரே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: தெருப் பலகையோ பக்கத்துக் கட்டடமோ காட்டி இடம், பெயர்ப் பலகையும் கடைக்குள் உள்ள பொருட்களும் காட்டித் தொழில், ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பது, கல்லாவைத் திறப்பது போன்ற செயலைக் காட்டி உரிமை. அனுப்பிய பின் பரிசீலனைக்கு 5 வேலை நாட்கள் வரை ஆகலாம். நிராகரிக்கப்பட்டால் மனம் தளராமல் இன்னும் தெளிவாக எடுத்து மீண்டும் அனுப்பலாம்.

பெயரும் பிரிவும்

பெயர் என்ற இடத்தில் கடையின் போர்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள். அதன் பின்னால் "சிறந்த புர்கா தையல், குறைந்த விலை" என்று வால் சேர்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது. சில காலம் பலன் தருவதுபோல் தோன்றும். யாராவது புகார் செய்தால் பெயர் திருத்தப்படும், பதிவே முடக்கப்படவும் கூடும். பெருநாளுக்கு முந்தின வாரம் முடங்கினால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தேடலில் பொருத்தத்தைக் கூட்டும் இடம் பெயர் அல்ல, பிரிவு. முதன்மைப் பிரிவு ஒன்றும், கூடுதலாக 9 பிரிவுகளும் தேர்ந்தெடுக்கலாம். இவற்றைக் கூகுள் தரும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். முடிந்தவரை குறிப்பான பிரிவையே முதன்மையாக்குங்கள். ஹலால் உணவகம் என்ற பிரிவு இருக்கும்போது வெறும் உணவகம் என்று நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. அதேவேளை, செய்யாத தொழிலுக்கெல்லாம் பிரிவு போட்டு நிரப்புவதும் தவறு. நம் சகோதரரின் பதிவை யாரோ "துணிக்கடை" என்று சேர்த்திருந்தார்கள். டெய்லர் என்று தேடியவர்களுக்கு அவர் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரிவில் அடங்காத விவரங்களைச் சேவைகள் என்ற பகுதியிலும், கடை பற்றிய விளக்கத்திலும் எழுதலாம். விளக்கத்துக்கு 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. என்ன தைக்கிறோம், எத்தனை நாளில் தருகிறோம், அவசரத் தையல் உண்டா, பெண்களுக்குப் பெண்களே அளவெடுக்கிறார்களா என்று வருகிறவர் கேட்கும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கட்டும். "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்பது போன்ற வாசகங்களால் எவருக்கும் பயனில்லை.

முகவரி: தெருவும் புள்ளியும்

முகவரியை எழுதினால் மட்டும் போதாது. வரைபடத்தில் குத்தியிருக்கும் புள்ளி சரியாகக் கடை வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்களில் சந்துக்குள் இருக்கும் கடைகளுக்குப் புள்ளி பெரும்பாலும் பின்தெருவில் விழுந்திருக்கும். அதை விரலால் நகர்த்திச் சரிசெய்யலாம். கதவிலக்கம் தெளிவில்லாத இடங்களுக்குப் பிளஸ் கோடு என்ற வசதி இருக்கிறது. 2015 முதல் கூகுள் தரும் இந்த எழுத்தும் எண்ணும் கலந்த சிறு குறியீடு, வரைபடத்தில் உங்கள் வாசலை அழுத்திப் பிடித்தால் தெரியும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வருகிறவர் நேரே வாசலுக்கு வந்துவிடுவார்.

கடை இடம் மாறினால் புதிய பதிவு தொடங்காமல், பழைய பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள். பல வருடம் சேர்ந்த மதிப்புரைகள் கூடவே வரும். கூகுள் மறுபடியும் உறுதி செய்யச் சொல்லலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் நம் சகோதரிகளுக்கு ஒரு முக்கியச் செய்தி. மருதாணி போடுவது, விருந்துக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குச் சென்று செய்யும் தொழிலானால், வீட்டு முகவரியை வெளியே காட்டக் கூடாது என்பதே கூகுளின் விதி. முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளில் சேவை உண்டு என்று 20 இடங்கள் வரை குறிப்பிடலாம். வீட்டு வாசலை ஊருக்கே காட்டாமல் தொழிலை மட்டும் காட்டலாம் என்பதால் இது பாதுகாப்பானதும்கூட. ஆனால் வாடிக்கையாளரை நேரில் சந்திக்காமல் முழுக்க ஆன்லைனில் மட்டுமே விற்பவர்களுக்கு இந்தப் பதிவு கிடையாது.

நேரம்: வெள்ளிக்கிழமையும் ரமளானும்

நம் கடைகள் அதிகம் தவறவிடும் இடம் இது. பதிவில் காலை 10 முதல் இரவு 9 வரை என்று ஏழு நாளும் ஒன்றாகப் போட்டிருப்போம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டியிருக்கும். மேப் "திறந்திருக்கிறது" என்று சொன்னதை நம்பி ஐந்து கிலோமீட்டர் வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். வந்தவருக்கு ஜும்ஆ நேரம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரே நாளுக்கு இரண்டு நேரங்கள் கொடுக்கும் வசதி இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் 10 முதல் 12.30 வரை, மறுபடி 2.30 முதல் 9 வரை என்று பிரித்துப் போடலாம். ரமளானில் இஃப்தாருக்கு மூடி, தராவீஹுக்குப் பின் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடைகள் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். பெருநாள் விடுமுறைக்குச் "சிறப்பு நேரம்" என்ற பகுதியில் அந்தத் தேதிகளை மட்டும் குறித்தால் போதும். வழக்கமான நேரம் அப்படியே இருக்கும். ஹஜ், உம்ரா, மருத்துவம் என்று பல நாட்கள் மூட நேர்ந்தால் "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்று குறியுங்கள். திரும்பி வந்ததும் அதை நீக்க மறக்காதீர்கள்.

படங்கள்

கடையின் முகப்பு, போர்டு, எதிரே உள்ள அடையாளம், உள்ளே உள்ள பொருட்கள், முடித்த வேலைகள் என்று செல்போனிலேயே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முகப்புப் படம் மிக முக்கியம். வருகிறவர் அதை வைத்துத்தான் கடையை அடையாளம் காண்பார். இணையத்தில் கிடைக்கும் அழகான படங்களை எடுத்துப் போடாதீர்கள். அடுத்தவர் தைத்த ஷெர்வானியைக் காட்டி ஆர்டர் வாங்கினால், பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வாடிக்கையாளர்களின், குறிப்பாகப் பெண்கள், குழந்தைகளின் படங்களை அனுமதியின்றிப் போடாதிருப்பது மரியாதை.

மதிப்புரைகள்: கேட்கலாம், வாங்கக் கூடாது

ரிவ்யூ எனப்படும் மதிப்புரைதான் புதியவருக்கு நம்பிக்கை தருகிறது. திருப்தியாகச் செல்லும் வாடிக்கையாளரிடம் "கூகுளில் நாலு வரி எழுதுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. இதற்கான இணைப்பையும் கியூஆர் கோடையும் கூகுளே தருகிறது. அச்சடித்துக் கல்லாவின் அருகே ஒட்டி வைக்கலாம்.

தள்ளுபடியோ பரிசோ தருகிறோம் என்று சொல்லி மதிப்புரை வாங்குவது விதிக்கு எதிரானது. திருப்தியானவர்களிடம் மட்டும் கேட்டு, குறை சொல்பவர்களைத் தடுப்பதும் அப்படியே. கூட்டமாக ஐந்து ஸ்டார் விற்கிறவர்கள் நம் இளம் வணிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் தூது விடுகிறார்கள். "எல்லாரும் செய்றாங்க" என்பதே அவர்கள் சொல்லும் ஆதாரம். கண்டுபிடிக்கப்பட்டால் மதிப்புரைகள் நீக்கப்படும், சில காலம் புதிய மதிப்புரைகள் வராமல் தடுக்கப்படும், போலி மதிப்புரைகள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கையே உங்கள் பதிவில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்படலாம். நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை 2022 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது.

கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் என்ன? கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்ததும், மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு அந்த வணிகரைக் கண்டித்ததும் நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த செய்தி. காசு கொடுத்து வாங்கிய ஐந்து ஸ்டார், நனைந்த தானியத்தின் மேல் தூவிய காய்ந்த தானியம். மேலே தூவுவது கையாலா, செல்போனாலா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

போட்டிக் கடைக்கு ஒரு ஸ்டார் போடச் சொல்லி மகனையும் மருமகனையும் ஏவுவதும் இதில் சேர்ந்ததுதான்.

குறை கூறும் மதிப்புரை வந்தால் கடைக்காரரால் அதை அழிக்க முடியாது. விதிமீறல் இருந்தால் மட்டும் புகார் செய்யலாம். மற்றவற்றுக்குப் பதில் எழுதுங்கள். தவறு நம்முடையதானால் ஒப்புக்கொண்டு, சரிசெய்து தருகிறோம் என்று சொல்லுங்கள். இல்லையானால் நடந்ததைப் பணிவாக இரண்டு வரியில் சொல்லி நிறுத்துங்கள். கோபத்தோடு எழுதிய பதிலை எழுதியவர் மறந்துவிடுவார், அடுத்து வருகிறவர்கள் படித்துக்கொண்டே இருப்பார்கள். நம் சகோதரர் அந்த ஒரு ஸ்டாருக்கு, "இரண்டு தெரு தள்ளி மாறிவிட்டோம், தெரிவிக்காதது எங்கள் தவறு, மன்னியுங்கள்" என்று எழுதினார். எழுதியவர் ஒரு மாதம் கழித்து நேரில் வந்து, தம் ஒரு ஸ்டாரை நான்காக மாற்றிவிட்டுப் போனார்.

சாவி யார் கையில்?

பதிவுக்கு முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேனேஜர் என்று நிலைகள் உண்டு. செட்டப் செய்து தருகிறேன் என்று வருகிறவர் தம் ஜிமெயிலிலேயே பதிவை உருவாக்கிவிட்டுப் பின்னர் மாதாமாதம் பணம் கேட்பது நடக்கிறது. முதன்மை உரிமையாளர் உங்கள் சொந்த ஜிமெயிலாகவே இருக்க வேண்டும். உதவி செய்கிறவருக்கு மேனேஜர் அனுமதி போதும். வேலையை விட்டுப் போன பணியாளரின் பெயரை அன்றே நீக்குங்கள்.

கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் பதிவை நீக்குவோம் என்று அழைப்பு வந்தால் அது மோசடி. கடை நேரத்தைச் சரிபார்க்கக் கூகுளிடமிருந்து தானியங்கி அழைப்பு வரலாம், ஆனால் அது பணம் கேட்காது. போனுக்கு வரும் உறுதிப்படுத்தும் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். கடைச் சாவியைத் தெரியாதவரிடம் கொடுப்போமா?

மற்ற இடங்களும் மாதாந்திரக் கவனிப்பும்

ஆப்பிள் மேப், பிங், 1996 முதல் இயங்கும் ஜஸ்ட்டயல் ஆகியவற்றிலும் உங்கள் கடை இருக்கலாம். எல்லாவற்றிலும் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் ஒன்றுபோல் இருக்கட்டும். ஓரிடத்தில் பழைய எண், ஓரிடத்தில் புதிய எண் என்றிருந்தால் வாடிக்கையாளருக்குக் கடையின் மேலேயே சந்தேகம் வரும்.

கூகுள் பதிவில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். ஆகவே மாதம் ஒருமுறை நேரம், எண், புள்ளி மூன்றையும் சரிபாருங்கள். எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லால் தேடி வந்தார்கள் என்ற கணக்கும் அதிலேயே கிடைக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். வாப்பாவின் தொழிலை அறிந்துகொள்ள அவருக்கும் அது ஒரு வழி.

நம் சகோதரரின் பதிவு ரமளான் இருபதுக்கு முன் சரியாகிவிட்டது. அதன்பின் கூட்டம் அலைமோதியது என்று சொல்ல மாட்டோம். தினம் இரண்டு, மூன்று புதிய முகங்கள் வந்தன. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு இனி துணி வாங்க முடியாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அதைப் படம் பிடித்து மேப்பிலும் போடும்படி மகனிடம் சொன்னார். தேடி வருகிறவர்கள் வீணாக அலையக் கூடாதே என்பதுதான் அவர் சொன்ன காரணம்.